மற்றவை

பெரும்பாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவே
ஏழு ஏக்கர் முப்பது சென்ட்.
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
மரம். பயிர். மற்றவை.
மரம் என்றால் மார்பளவு உயரத்தில்
ஒரு முழச் சுற்றளவாவது வேண்டும்.
பயிர் என்றால் அடங்கலில் பேர் இருக்க வேண்டும்.
மற்றதெல்லாம் என் வேலை.

நாலு பிளாஸ்டிக் குழாய், நாலு மூலை,
மீட்டருக்கு மீட்டர் ஒரு சதுரம்.
கண்ணை மூடிக்கொண்டு வீசு என்பார் பெனடிக்ட் சார்,
விழுந்த இடத்தில் எண்ணு.
அழகான இடம் பார்த்து வீசினால்
கணக்கு பொய்யாகிவிடும்.

முதல் வீச்சு செங்கல் உடைசல் மேல்.
கொழுஞ்சி பதினாறு.
சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஊதாப் பூ.
ஒன்றைப் பிடுங்கப் போனேன், வரவில்லை.
அது குடியிருப்பது கீழே;
மேலே தெரிவது முகவரி மட்டும்.

அடுத்தது லாரித் தடம்.
டயர் அழுத்திய பள்ளத்துக்குள்ளேயே
செப்புநெருஞ்சில், தரையோடு தரையாக,
தலை தூக்காமல் பூத்திருக்கிறது சிவப்பாய்.

மூன்றாவது, கை தவறி, கால்வாயில்.
சதுரம் மிதந்தது, அதற்குள் நீர்ச்சுண்டி.
தண்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு கட்டி
மூழ்காமல் படர்ந்திருக்கிறது.
குப்பைமேட்டுச் சாறு இறங்கும் அந்தத் தண்ணீரிலும்
கூச்சம் போகவில்லை அதற்கு.
எண்ணத் தொட்டேன், மூடிக்கொண்டது.
திறக்கட்டும் என்று கரையில் குந்தியிருந்தேன்.
அந்த நேரத்துக்குக் கூலிச் சீட்டில் கட்டமில்லை.

திரும்பும்போது பின்னால் சலசலப்பு.
வீட்டுச் சாவி விழுந்ததென்று பையைத் தொட்டேன்.
கிலுகிலுப்பைதான், காய்ந்த காய்க்குள் விதையை
ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
இரண்டு மணி வெயிலுக்கு
எதுவோ பட்டென்று வெடித்து
கன்னத்தில் அடித்தது.
யார் எறிந்தது என்று திரும்பினால்
இரண்டு ஓடுகள், ஆளுக்கொரு பக்கம்
முறுக்கிக்கொண்டு நிற்கின்றன,
சண்டை போட்ட தம்பதி மாதிரி.

மண் சோதனைக் குழி வெட்டினார் ஜேசிபி இருதயராஜ்.
வாளியோடு வந்தது வேர், முழுதாக.
கடுகு கடுகாய் முடிச்சு.
"நோயா மேடம்?"
நகத்தால் ஒன்றைக் கிள்ளிக் காட்டினேன்.
உள்ளே இளஞ்சிவப்பு.
நம் ரத்தச் சிவப்புக்குத் தூரத்துச் சொந்தம்.
காற்றைப் பிடித்துச் சோறாக்கும் அடுப்பு என்றேன்.
"இந்தக் காட்டுல யாருக்கு ஆக்குது?" என்றவர்
பதிலுக்கு நிற்காமல் இஞ்சினை முடுக்கினார்.

அறிக்கையில் நான் எழுதியது இரண்டு பக்கம்.
அச்சில் வந்தது ஒரு வரி:
மற்றவை: களைகள். குறிப்பிடத்தக்கதாக ஏதுமில்லை.
கீழே கையெழுத்து,
என்னுடையது.

அன்று பறக்கும் ரயிலில்
சல்வார் ஓரம் முழுக்க மூவிலைக் காய்.
பிசுபிசுப்பு, உதறினால் போகாது.
தரமணியில் பிய்க்கத் தொடங்கி
சேப்பாக்கம் வரை பிய்த்தேன்.
எதிரே இருந்த பெண் காலை இழுத்துக்கொண்டாள்.
ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாய்ப் போட்டேன்,
விதைக்க அல்ல, வீட்டுக்குள் ஒட்டாமலிருக்க.

ஐப்பசியில் நல்ல மழை.
இருதயராஜிடமிருந்து ஒரு படம்.
மேடவாக்கத்தில் எவனோ பள்ளம் தூர்க்கக் கொட்டிய
நம்ம ஏழு ஏக்கர் மேல்மண்.
"உங்க ஆளுங்க வந்திருக்காங்க மேடம்."

கொழுஞ்சி விதைக்குத் தோல் தடிப்பு, தண்ணீர் புகாது.
யாராவது கீறிவிட வேண்டும்,
வெயிலோ, மணலோ.
இந்த முறை
வாளிப் பல்.

அதற்காக யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை.
அந்தப் பள்ளத்திலும் ஏதோ இருந்திருக்கும்.
அதையும் யாரோ ஒருத்தி
ஒரு வரியில் எழுதியிருப்பாள்.

படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன்.
ஒன்பது வரை சரி.
பத்தாவது கொழுஞ்சியா
என் திரையின் கீறலா
தெரியவில்லை.